மூன்றாவது மஞ்சள் அட்டை

பிலிமோன் தண்ணீர் குடிக்கக் கோட்டோரம் வந்தபோது ஆட்டம் ஐம்பத்திரண்டாவது நிமிடத்தில் நின்றிருந்தது. வானவில் அணியின் ஆள் ஒருவன் மைதானத்தின் நடுவில் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு உருண்டுகொண்டிருந்தான். மேனேஜர் கஜபதி பெஞ்சின் இடது ஓரத்தில், எப்போதும் உட்காரும் இடத்தில், மடியில் நோட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். புளூ ஆங்கர் ஒன்று, வானவில் பூஜ்யம். இன்னும் முப்பத்தெட்டு நிமிடம் இப்படியே போனால் அவருடைய புளூ ஆங்கர் சீனியர் டிவிஷனில் தங்கிவிடும், வானவில் கீழ் டிவிஷனுக்கு இறங்கும். சமனில் முடிந்தால் வானவில் தங்கும், இவர்கள் இறங்குவார்கள். லீக்கின் கடைசி ஆட்டம். பிலிமோன் பாட்டிலைத் தலையில் கவிழ்த்துக்கொண்டான். ஐந்தாம் எண், கோலுக்கு முன்னால் நின்று தடுக்கும் ஸ்டாப்பர், ஆறடி ஒரு அங்குலம், இந்தப் பாதியில் மட்டும் ஏழு பந்தைத் தலையால் வெளியே அனுப்பியிருந்தான். "சார், இந்த ரெஃப்ரிதான் சார் போன மேட்ச்ல மழைல எனக்கு மஞ்ச காட்டினாரு. அதான் இன்னிக்கு ஆட்டுக்குட்டி மாதிரி ஆடிக்கினு இருக்கேன்." கஜபதி நிமிர்ந்தார். "உனக்கா காட்டினார்?" "எனக்குத்தான் சார். மண்டை ஒடஞ்சி ஜெர்சி ரத்தமாச்சில்ல, அப்சல் ஜெர்சிய வாங்கிப் போட்டுக்கினேன்ல. முன்னாடி நம்பர் சேறா இருந்துச்சின்னு பேரு கேட்டு எழுதிக்கினாரு." சொல்லிவிட்டு ஒரு கண்ணை மூடித் திறந்தான். தண்ணீர் கண்ணில் வழிந்திருக்க வேண்டும். பாட்டிலைத் தூக்கிப் போட்டுவிட்டு ஓடினான். விசில் அடித்தது. ஆட்டம் தொடங்கியது.

கஜபதி நோட்டைத் திறக்கவில்லை. திறக்கத் தேவையில்லை, அந்தப் பக்கம் அவருக்குக் கண்ணுக்குள் இருந்தது. நீல மையில் கட்டம், கட்டத்துக்குள் எண்கள், எண்களுக்கு நேராகச் சின்னச் சின்னக் கோடுகள். போன ஆட்டம். பதினைந்து, மஞ்சள், எழுபத்தொன்று. பதினைந்து என்றால் அப்சல். தானே எழுதியது. மழையில் நோட்டு நனையக்கூடாது என்று சட்டைக்குள் வைத்திருந்து, பஸ்ஸில் ஏறியபிறகு தலையைத் துவட்டுவதற்கு முன்னால் எழுதியது. ஐந்துக்கு நேராக இரண்டு கோடு. பதினைந்துக்கு நேராக ஏற்கெனவே இரண்டு, அன்று மூன்றாவது. மூன்று மஞ்சள் சேர்ந்தால் அடுத்த ஆட்டம் வெளியே உட்கார வேண்டும். லீக்கை நடத்தும் சங்கம் யாருக்கும் சொல்லி அனுப்பாது, அந்தந்த கிளப்பே எண்ணிக்கொள்ள வேண்டும், எண்ணத் தவறி ஆடவைத்தால் அந்த ஆட்டம் மூன்று பூஜ்யம் என்று எதிரணிக்குப் போய்விடும். அதனால்தான் வியாழக்கிழமை பயிற்சி முடிந்ததும் அப்சலைக் கூப்பிட்டு, ஞாயிற்றுக்கிழமை நீ இல்லை என்று சொன்னார். அதனால்தான் இன்று மதியம் மேட்ச் கமிஷனரிடம் கொடுத்த பட்டியலில் ஐந்தாவது வரியில் பிலிமோன் என்று எழுதினார். மூன்று மஞ்சள் வாங்கியவன் பிலிமோன். ஆடக்கூடாதவன் பிலிமோன். ஆட வேண்டியவன் அப்சல். அப்சல் அவருக்குப் பின்னால், கேலரியின் முதல் படியில், கட்டம் போட்ட சட்டையும் செருப்புமாக உட்கார்ந்து தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தான். "ஏறு, ஏறு, லெப்ட்ல ஆள் ஃப்ரீடா." அந்தக் குரல் கஜபதியின் பிடரியில் வந்து பட்டது. ஐம்பத்து நான்கு. ஐம்பத்து நான்கரை. பந்து அந்தக் கோடிக்குப் போய்விட்டுத் திரும்பியது. இந்த ஆட்டம் தோற்றாகிவிட்டது என்று அவருக்குத் தோன்றியது. இப்போது இல்லை, மூன்றரை மணிக்கு, முதல் விசில் அடித்த அந்த நொடியிலேயே. இருபத்தோராவது நிமிடத்தில் ஜீவா அடித்த கோல் கோல் இல்லை. அதற்குப் பிறகு இவர்கள் ஓடிய ஓட்டம் எதுவும் ஓட்டம் இல்லை. பதினோரு பேர், வெயிலில், செம்மண்ணில், இல்லாத ஒன்றைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறார்கள், அது இல்லை என்று தெரிந்தவன் நான் ஒருவன் மட்டும் நிழலில் உட்கார்ந்திருக்கிறேன்.

எப்படி நடந்தது. எப்படி என்பதை முதலில் சரியாக வரிசைப்படுத்த வேண்டும் என்று நினைத்தார், வரிசைப்படுத்திவிட்டால் நெஞ்சுக்குள் குதிப்பது அடங்கும் என்பதுபோல. அன்று மழை நாற்பதாவது நிமிடத்தில் பிடித்தது. அறுபத்தாறில் கார்னருக்கு எகிறியபோது பிலிமோனின் தலை இன்னொருவன் தலையோடு மோதியது. நெற்றியில் ரத்தம். அந்த நேரத்தில் கமிஷனர் கையசைத்துக் கூப்பிட்டார், கோல் அருகே தண்ணீர் குளமாக நிற்கிறது, ஆட்டத்தை நிறுத்தலாமா என்று இரண்டு மேனேஜர்களையும் கேட்க வேண்டும் என்றார். போகும்போது கஜபதி தன் உதவியாள் கண்ணையனிடம், தலை சரியில்லை என்றால் அப்சலை இறக்கு என்று சொல்லிவிட்டுப் போனார். சொன்னது நன்றாக நினைவிருக்கிறது. கமிஷனர் மேஜையிலிருந்து திரும்பும்போது மூக்குக்கண்ணாடி முழுக்க நீர்த்துளி. தூரத்தில் தள்ளுமுள்ளு, மஞ்சள் அட்டை மேலே போனது, கீழே ஒரு முதுகு, முதுகில் சேற்றுக்கு நடுவே ஒன்றும் ஐந்தும். ஆக அப்சல் இறங்கிவிட்டான், இறங்கிய உடனே வாங்கிவிட்டான், மடப்பயல். அவ்வளவுதான் நினைத்தார். எல்லாரும் ஒரே சேற்று நிறம். முடிந்ததும் பஸ்ஸுக்கு ஓடினார்கள். அப்சல் அப்போது தார்ப்பாய்க்கு அடியில் சட்டையில்லாமல் குந்தியிருந்திருக்க வேண்டும். அதைப் பார்க்கவில்லை. பஸ்ஸில் தலையை எண்ணினார், பதினெட்டு சரியாக இருந்தது, எழுதினார். தப்பு எங்கே என்றால், கண்ணையனை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நம்பரைப் பார்த்துவிட்ட பிறகு ஒருவனைப் போய்க் கேட்பது அவருக்குப் பழக்கமில்லை. முப்பத்தோரு வருடம் ஃபவுண்டரியில் டூல் ரூம் ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நின்றவர். அந்தப் பக்கத்திலிருந்து கை நீளும், கையில் பித்தளை டோக்கன் இருக்கும், டோக்கனை ஆணியில் மாட்டிவிட்டு ஸ்பானரைக் கொடுக்க வேண்டும். சாயங்காலம் ஸ்பானர் வந்தால் டோக்கன் போகும். ஜன்னல் மார்பு உயரத்தில் இருந்ததால் ஆள் முகம் தெரியாது, குனிந்து பார்க்கவும் தேவையில்லை. ஒருநாள் நோட்டீஸ் போர்டில் கறுப்புக் கட்டத்துக்குள் ராமலிங்கம் என்று போட்டு சாவுச் செய்தி ஒட்டியிருந்தார்கள். யார் இந்த ராமலிங்கம் என்று கேட்டார். இருநூற்றுப் பதினாலுதாம்பா என்றார்கள். அப்போதுதான் ஆள் யாரென்று தெரிந்தது. இருநூற்றுப் பதினாலு, பதினாறு வருடம், ஒரு நாளும் ஸ்பானரைத் துடைக்காமல் திருப்பித் தராதவன்.

"ஆஃப்சைட், ஆஃப்சைட், கொடிய தூக்கறான் பாரு, புண்ணியவான்," என்று பக்கத்தில் கண்ணையன் கையைக் கூப்பினார். கண்ணையன் இதே அணிக்குப் பதினாலு வருடம் கோல் காத்தவர், இடது கைச் சுண்டுவிரல் இன்னும் கோணல். வயது அறுபத்தொன்று. நல்ல மனிதர், வாய் மட்டும் ஓயாது. "இன்னா கஜா, மூஞ்சி ஒருமாதிரி கீது. சாப்ட்டியா இல்லியா." "ம்." "ஒரு கோல் லீடிங்ல இருக்கோம்யா. எழவு வீட்டுக்கு வந்தவன் மாதிரி குந்தியிருக்கியே." கஜபதி வாட்சைப் பார்த்தார். அறுபத்தொன்று. இவனிடம் சொல்லலாமா. சொன்னால் என்ன செய்வான். எழுந்து குதிப்பான், தலையில் அடித்துக்கொள்வான், அடுத்த நிமிடம் மைதானம் முழுக்கத் தெரிந்துவிடும். பிலிமோனை இப்போதே வெளியே எடுத்தால். எடுத்து ஒரு பயனும் இல்லை, ஒரு நொடி ஆடினாலும் ஆடியதுதான். எடுத்தால் ஸ்டாப்பர் இல்லாமல் கோலும் வாங்குவார்கள், கணக்கிலும் தோற்பார்கள், இரண்டு தடவை தோற்றதாக ஆகும். விடு. சரி, சொல்லாமல் விட்டால். ஆட்டம் முடிந்து இரண்டு மணி நேரத்துக்குள் எதிரணி எழுத்தில் ஆட்சேபம் கொடுத்தால்தான் சங்கம் பழைய தாளை எடுத்துப் பார்க்கும். கொடுக்காவிட்டால் பார்க்காது, முடிவு நின்றுவிடும். ரெஃப்ரியின் தாளில் பிலிமோன் என்ற பெயர் இருக்கிறது, எங்கோ ஒரு இரும்பு பீரோவில், ஒரு ஃபைலில், நூல் கட்டி. அது அங்கே இருக்கும்வரை. அந்தத் தாள் அங்கேயே கிடக்கும்வரை இந்த ஒன்று பூஜ்யம் நிற்கும். அந்த நினைப்பு அவருக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் நாக்கு பல் இடுக்கில் போய் நிற்பதுபோல அங்கேயே போய் நின்றது.

முன்னதாக, ஹாஃப் டைமில் செல்போனை நீட்டிக்கொண்டு ஒருவன் வந்தான், யூடியூபில் நம்ம ஏரியா ஃபுட்பால் என்று ஏதோ நடத்துகிறவன். "சார், ஒரு மேனேஜர் எப்ப சார் கிரேட் மேனேஜர் ஆவாரு? நம்ம ஜனங்களுக்கு ஒரு வார்த்தை." கஜபதிக்குக் காது சூடாகிவிட்டது. செல்போனுக்கு முன்னால் நின்று பேசிப் பழக்கமில்லை. "தண்ணி பாட்டில எண்ணி வெக்கணும்," என்றார். அவன் சிரித்தான், கண்ணையன் சிரித்தார், கண்ணையன் போனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, மேனேஜர்னா ஜெயிக்கறப்ப பின்னாடி நிக்கணும், தோக்கறப்ப முன்னாடி வந்து செருப்படி வாங்கணும் என்று மூன்று நிமிடம் பேசினார். நன்றாகத்தான் பேசினார். ஆனால் கஜபதி விளையாட்டுக்குச் சொல்லவில்லை. இருபத்திரண்டு வருடத்தில் இந்த அணி ஒரு தடவைகூடக் கீழே இறங்கியதில்லை. பெரிய கம்பெனி அணிகள் இறங்கியிருக்கின்றன, வெளிநாட்டு ஆளை வைத்து ஆடிய கிளப் இறங்கியிருக்கிறது. இவர்களிடம் என்ன இருந்தது, ஒரு செட் ஜெர்சி, பத்து பந்து, அந்த நோட்டு. யார் எத்தனை நிமிடம் ஓடினான், எத்தனாவது நிமிடத்தில் மூச்சு வாங்கினான், இடது காலால் எத்தனை தப்பு, யாருக்கு எத்தனை மஞ்சள். எட்டாவது வரை படித்தவனுக்கு வேறு என்ன தெரியும். டிவியில் வெளிநாட்டு மேனேஜர்கள் கோட்டு போட்டுக்கொண்டு கோட்டோரத்தில் கத்துகிறார்கள், ஆளைக் கட்டிப்பிடிக்கிறார்கள், அழுகிறார்கள். அதெல்லாம் தன்னால் முடியாது என்று அவருக்கு முதல் வருடமே தெரியும். கத்தாமல் இருக்க வேண்டுமென்றால் தப்பு இல்லாமல் இருக்க வேண்டும். அப்படித்தான் ஒரு ஒப்பந்தம்போல, யாரோடும் இல்லை, தனக்குள்ளேயே. அவர் இதே அணிக்கு ரைட் ஹாஃப் ஆடிய காலத்தில் மேனேஜராக இருந்தவர் லாசரஸ். பதினோரு பேர் எழுதச் சொன்னால் பன்னிரண்டு எழுதுவார், ஒரு தடவை செத்துப்போன ஒருத்தன் பெயரையும் சேர்த்து எழுதினார். சாராய நாற்றம் வரும். எல்லாரையும் அம்மா பெயர் சொல்லிக் கூப்பிடுவார், ஏ ராஜம்மா பையா, ஏ மரகதம் பையா. கஜபதி அவரிடம் நாற்பத்து நான்கு ஆட்டம் ஆடினார், இருபத்தொன்பது தோல்வி. ஆனால் லாசரஸ் செத்தபோது கால்வாய் வரைக்கும் கூட்டம். அப்படியென்றால் எது. எண்ணாமல் தோற்றவன் பெரியவனா, எண்ணி எண்ணி மூன்றாவது கோட்டை வேறொருவன் தலையில் போட்டவன் பெரியவனா. அறுபத்தாறு நிமிடம். கேள்வி முடியவில்லை, பந்து வெளியே போனது, வானவில்லுக்கு த்ரோ.

அவர்கள் ஏறத் தொடங்கினார்கள். ஏறாமல் என்ன செய்வார்கள், ஒரு கோல் போட்டால் பிழைத்தார்கள். அந்தப் பக்க பெஞ்சில் அவர்களுடைய மேனேஜர் வின்சென்ட் எழுந்து நின்றுவிட்டார், கைக்குட்டையைச் சட்டைக் காலருக்குள் செருகியிருந்தார். எழுபதில் ஒரு கார்னர், எழுபத்திரண்டில் ஒன்று, எழுபத்து மூன்றில் இரண்டு. பிலிமோன் நான்கையும் எடுத்தான். வியாழக்கிழமை நினைவுக்கு வந்தது, வரவேண்டாம் என்று தள்ளத் தள்ள வந்தது. அப்சல் ஷூ கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தான். ஞாயித்துக்கெழம நீ இல்ல, மூணு ஆயிடுச்சி என்றார். அவன் கை நின்றது. "சார், எனக்கு ரெண்டுன்னு நெனச்சேன்." அவர் நோட்டைத் திறந்து அந்தப் பக்கத்தை அவன் முன்னால் நீட்டினார், வேறு பக்கம் பார்த்துக்கொண்டே. அவன் பார்த்தான். பிறகு நோட்டிலிருந்து தலையைத் தூக்கி, தள்ளி நின்று பந்தை முட்டிக்கொண்டிருந்த பிலிமோனைப் பார்த்தான். "சரி சார்," என்றான். இப்போது யோசித்தால் அவன் பிலிமோனை ஏன் பார்த்தான் என்று புரிகிறது. அவன் சொல்ல வந்திருக்கிறான். நான் நோட்டை நீட்டிவிட்டேன். முன்பு ஒரு தடவை, நான்கு வருடம் இருக்கும், கோல்கீப்பர் ஒருத்தன் நோட்டோடு வாதாடினான், நான் தேதி நிமிடம் எல்லாம் சொல்லி எல்லார் முன்னாலும் அவன் வாயை அடைத்தேன். அதன்பிறகு அந்த நோட்டை யாரும் எதிர்த்துக் கேட்டதில்லை. அதில் எனக்கு ஒரு திருப்தி இருந்தது. இருபது வயதுப் பையன், இந்த வருடம் பதினாறு ஆட்டத்தில் ஒன்பதில் இறக்கியிருக்கிறேன், கடைசி ஆட்டத்துக்காக அவன் வீட்டிலிருந்து எத்தனை பேர் வந்திருக்கிறார்களோ. திரும்பிப் பார்த்தால் தெரியும். கஜபதி திரும்பவில்லை.

எழுபத்தெட்டில்தான் அந்த ஆசை வந்தது. முதலில் அது ஆசை என்றே தெரியவில்லை, ஒரு கணக்குபோல வந்தது. வானவில் ஒரு கோல் போட்டால் ஒன்று ஒன்று. சமன் என்றால் அவர்கள் தங்குவார்கள், நாம் இறங்குவோம். இறங்கினால் அவர்கள் ஏன் ஆட்சேபம் கொடுக்கப்போகிறார்கள். யாரும் எந்தத் தாளையும் எடுக்க மாட்டார்கள். மழை, சேறு, பதினைந்து, ஐந்து எல்லாம் நோட்டுக்குள்ளேயே மூடிக்கொள்ளும். ஆடித் தோற்றோம் என்று ஆகிவிடும். ஆடித் தோற்பதில் வெட்கமில்லை. ஒரே ஒரு கோல். மற்றவர்களுக்கு அது வேலை, பேர், அடுத்த வருடம், வீட்டில் சொல்லிக்கொள்ள ஒரு பேச்சு, எல்லாம் போய்விடும், ஆனால் எப்படியும் போகப்போவதுதானே. கால்வாய்ப் பக்கமிருந்து காற்று திரும்பி நாற்றம் வீசியது. சரக்கு ரயில் ஒன்று காம்பவுண்டுக்குப் பின்னால் போனது, பழக்கத்தில் பெட்டிகளை எண்ண ஆரம்பித்து, பதினேழில் நிறுத்தினார். நிறுத்தியதற்குக் காரணம் வானவில்லின் ஒன்பதாம் எண். அவன் வலது பக்கம் இரண்டு பேரைத் தாண்டி உள்ளே வந்துவிட்டான். அடிடா, என்றது உள்ளே ஒன்று. தெளிவாக, வாயால் சொன்னதுபோல. அவன் அடித்தான். கோல்கீப்பரைத் தாண்டியது. கஜபதி எழுந்துவிட்டார். இருபத்திரண்டு வருடத்தில் ஆட்டத்தின் நடுவில் அவர் எழுந்து யாரும் பார்த்ததில்லை. பந்து கம்பத்தின் உள்பக்கம் பட்டு, கோட்டின்மேல் உருண்டு வந்தது, பிலிமோன் எங்கிருந்தோ சறுக்கிக்கொண்டு வந்து காலை நீட்டி வெளியே தள்ளினான். கேலரி முழுக்க ஒரே இரைச்சல். கண்ணையன் அவர் தோளைப் பிடித்து உட்காரவைத்தார். "உக்காரு, உக்காரு. ஒண்ணும் ஆவல. இன்னாயா இப்டி நடுங்கற. நீயே பயந்தா நாங்க எங்க போறது." கஜபதி உட்கார்ந்தார். நான் பயந்து எழுந்திருக்கவில்லை என்று கண்ணையனுக்குச் சொல்ல வேண்டும். சந்தோஷத்தில் எழுந்தேன். என் பையன்கள் கோல் வாங்கப்போகிறார்கள் என்று. இதை எந்தக் கட்டத்தில், எந்தக் கோட்டாக எழுதுவது. எண்பத்து மூன்று.

அதற்குப் பிறகு அவர் எதையும் எண்ணவில்லை. அல்லது எண்ணிக்கை தானாக ஓடியது, அவர் கூடப் போகவில்லை. பையன்கள் களைத்திருந்தார்கள், பந்தை எங்கே அடிக்கிறோம் என்று பார்க்காமல் அடித்தார்கள். பிலிமோன் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஏதோ கத்திக்கொண்டே இருந்தான். அழகாக ஆடினான். இவ்வளவு நன்றாக அவன் ஆடி கஜபதி பார்த்ததில்லை. அவன் நன்றாக ஆட ஆட நெஞ்சில் பாரம் ஏறியது. கூடுதலாக மூன்று நிமிடம் என்றார்கள். மூன்றும் போயின. விசில் மூன்று தடவை அடித்தது.

எல்லாரும் உள்ளே ஓடினார்கள். வானவில் பையன்கள் நின்ற இடத்திலேயே உட்கார்ந்தார்கள், ஒருவன் ஜெர்சியைத் தூக்கி முகத்தை மூடிக்கொண்டான். கஜபதி வாட்சைப் பார்த்தார். ஐந்து இருபத்திரண்டு. ஆட்சேபம் கொடுக்க ஏழு இருபத்திரண்டு வரை. நோட்டை மூடி ரப்பர் போட்டு, மெல்ல எழுந்து, முதல் தடவையாகப் பின்னால் திரும்பினார். அப்சல் படியிலிருந்து குதித்து இறங்கிக்கொண்டிருந்தான். செருப்பு ஒன்று கழன்றுபோயிருந்தது, கண்ணெல்லாம் ஈரம். "அப்சல்." "சார்." "உனக்கு ரெண்டுதான்." மூடிய நோட்டைத் தட்டிக் காட்டினார். "நான் தப்பா எழுதிட்டேன். மூணு அவனுக்கு." அப்சல் சிரித்தான், கையால் வாயைப் பொத்திக்கொண்டு, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்து. "இன்னா சார், எங்கிட்டயே ஆக்டு குடுக்கறீங்க. நீங்க தப்பா எழுதுவீங்களா? ஒரு தடவ எழுதியிருக்கீங்களா?" "இல்லடா, நிஜமா." "எல்லாருக்கும் தெரியும் சார். வியாழக்கெழமயே பசங்களுக்குத் தெரியும். மொதல்ல எனக்குக் கஷ்டமாத்தான் இருந்துச்சி. அப்பறம் யோசன பண்ணேன், பிலிமோன் இல்லாம இந்த மேட்ச் நடக்காது, சார் அதுக்குத்தான் எம்பேர்ல போட்டுக்கிறாருன்னு. எவனும் வாயத் தொறக்கக்கூடாதுன்னு சத்தியம் பண்ணிக்கினோம். அம்மா மேல." அவன் குனிந்து அவர் காலைத் தொட வந்தான், அவர் பின்வாங்கினார். "சொல்லியிருந்தா நானே சரின்னுருப்பேன் சார்," என்று சொல்லிவிட்டுச் செருப்பில்லாத காலோடு உள்ளே ஓடினான்.

கண்ணையன் பக்கத்தில் வந்து நின்றார். கண்ணையனுக்கும் தெரிந்திருந்தது. அவருடைய முகத்தில் அது எழுதி ஒட்டியிருந்தது. "நானு கேக்கவே கூடாதுன்னு இருந்தேன் கஜா," என்றார், குரலைத் தணித்து. "உன்ன இத்தினி வருசமா கிளார்க்குன்னு நெனச்சிக்கினு இருந்தேன். மன்னிச்சிக்க. இன்னிக்குத்தான்யா நீ மேனேஜர். அந்த யூடியூப் பையன் கேட்டான் பாரு, இதான் பதிலு. பசங்களுக்கோசரம் எவன் தன் பேர எடுத்து நெருப்புல போடறானோ, அவன்தான்." சிரித்துக்கொண்டே கஜபதியின் முதுகைத் தட்டினார், கோணல் விரல் முதுகெலும்பில் இடித்தது. இல்லை என்று கஜபதி சொன்னார். இல்லை கண்ணையா, கண்ணாடில தண்ணி. இரைச்சலில் அது கேட்கவில்லை, கேட்டிருந்தாலும் என்ன. அந்தச் செல்போன்காரன் போய்விட்டிருந்தான். தப்பு செய்தவன் என்று ஒத்துக்கொண்டால்கூட அவரைத் தப்பு செய்தவனாக ஏற்றுக்கொள்ள இந்த மைதானத்தில் ஓர் ஆள் இல்லை. இருபத்திரண்டு வருடம் தப்பில்லாமல் எழுதியதற்கு இதுதான் கூலியாக வந்திருக்கிறது என்று தோன்றியபோது அவருக்குச் சிரிப்பு வந்தது. அவர்கள் தன்மேல் பிரியமாக இருக்கிறார்கள். முதல் தடவையாகப் பிரியமாக இருக்கிறார்கள்.

வின்சென்ட் மைதானத்தைக் குறுக்காகக் கடந்து வந்தார். கைக்குட்டை இன்னும் காலரில் இருந்தது. நாற்பத்தைந்து வயது, இரண்டு வருடமாகத்தான் மேனேஜர். கையை நீட்டினார். "நல்லா ஆடினாங்கண்ணே உங்க பசங்க. அந்த ஸ்டாப்பர், சான்ஸே இல்ல." "ஆமா," என்றார் கஜபதி. "எங்க செக்ரட்டரி கத்திக்கினு இருக்காரு, எதுனா ஆட்சேபம் போடு, லிஸ்ட்டு கார்டு எதுலயாவது ஓட்டை இருக்கும்னு. நான் சொன்னேன், எந்த டீமா இருந்தாலும் பாக்கலாம், கஜபதி அண்ணன் லிஸ்ட்ட பாக்கறது டைம் வேஸ்ட்டுன்னு." களைப்பாகச் சிரித்தார். "ரெண்டு வருசமா எல்லார் கார்டையும் நானும் உங்கள மாதிரியே நோட்டு போட்டு எழுதறேண்ணே. உங்கள பாத்துத்தான்." கை இன்னும் கைக்குள் இருந்தது. ஈரமான, சூடான கை. பாருங்கள், என்று சொல்ல வேண்டும். ஒரே வார்த்தை. ஐந்தாம் நம்பரைப் பாருங்கள் என்றால் மூன்று வார்த்தை ஆகிவிடும், ஒன்றே போதும். அந்த ஒன்று தொண்டையின் அடியிலிருந்து மேலே வந்தது, நாக்கின் நுனிக்கு வந்துவிட்டது, அப்போது பின்னாலிருந்து இடுப்பைச் சுற்றி யாரோ பிடித்தார்கள். பிலிமோன். வியர்வையும் செம்மண்ணும் நாற, ஓ என்ற சத்தத்தோடு தூக்க, கஜபதியின் கால் தரையை விட்டுப் போனது. ஒரு தொடைக்குக் கீழே பிலிமோனின் தோள், இன்னொன்றுக்குக் கீழே அப்சலின் தோள். நோட்டு மார்போடு நசுங்கியது. வின்சென்ட் இரண்டடி பின்னால் போய், அண்ணாந்து பார்த்து, மரியாதைக்கு இரண்டு தடவை கைதட்டினார். பிறகு திரும்பித் தன் பையன்களை நோக்கி நடந்தார், ஒவ்வொருவனாகத் தட்டி எழுப்பினார். அவர்களுடைய வேன் கேட்டுக்கு வெளியே நின்றது. வின்சென்ட் இங்கிருந்து முப்பது அடி, பிறகு நாற்பது. இந்த இரைச்சலையும் மீறி ஒரு தடவை கத்தினால் கேட்கும். கஜபதிக்கு அது நன்றாகத் தெரிந்தது, கத்தினால் கேட்கும் தூரம் எது என்று. ஐம்பது அடி. அவர் கத்தவில்லை. கடைசிப் பையன் ஏறி, வேனின் கதவு சாத்தப்படும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். அதன்பிறகுதான் வாய் திறந்தது.

"எறக்கி விடுங்கடா," என்றார். யாரும் இறக்கவில்லை. இன்னொரு தடவை சொன்னார்.

"டேய், சார் வெக்கப்படறாருடா," என்று கீழேயிருந்து யாரோ சொன்னார்கள். சிரித்துக்கொண்டே இன்னும் உயரத் தூக்கினார்கள்.